அளவு பார்க்கும் கேள்வி

பிற்பகல் மூன்று மணி. மேசை இழுப்பறைக்குள் கத்தரிக்கோல் இருந்தது, இருமல் மிட்டாய் இருந்தது. மெமரி கார்டு மட்டும் இல்லை. ஆறு மணிக்கு ஒலிபரப்பு.

இழுப்பறைக்குச் சொந்தக்காரி ஒரு வானொலித் தொகுப்பாளர். அரசியல், வரலாறு, மனித உரிமை, பண்பாடு நான்கையும் வாரம் ஒருமுறை ஒரே மணி நேரத்தில் பேசவைப்பவள். நிலையத்தில் அவளுக்குப் பெயர் 'துணைக்கேள்வி'. உப்பு எங்கே என்று கேட்டால்கூட எதற்கு, எவ்வளவு, யார் தீர்த்தது என்று திருப்பிக் கேட்பாள் என்பது அவள் கணவரின் வாக்குமூலம்.

காணாமற்போனது சாதாரணப் பேச்சு அல்ல. விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்டு, இருபது வருடமாக வீடு திரும்பாத ஒருவனின் தாய் அன்று காலை முதன்முறையாக வாய் திறந்திருந்தாள். கூட்டிப்போன அதிகாரியின் பெயரையும் சொல்லியிருந்தாள். ஆண்கள் எதிரே பேச வரவில்லை என்றதால், 'ஒயர்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒலிப்பதிவாளர் கருவியை முடுக்கிவிட்டு வெளியேறினார். அறையில் இரண்டே பெண்கள்.

குரலின் அளவு பார்க்க எல்லோரிடமும் கேட்பதைத்தான் துணைக்கேள்வி அவளிடமும் கேட்டாள்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"இன்னைக்கு எதையும் தொடமாட்டேன். இதே தேதியிலதான், சாப்பிட உக்காந்தவனை இழுத்துட்டுப் போனாங்க."

கருவியில் ஒலி அளவு காட்டும் முள் ஆடியது. "அளவு சரியா இருக்கும்மா." சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது தொழில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுக்கும்.

இந்தப் பகுதி எப்போதும் வெட்டப்படும். எத்தனையோ அறிஞர்களின் காலை உணவு அப்படிக் குப்பைக்குப் போயிருக்கிறது. ஆனால் வெட்டுவதற்கு முன் நிலைய இயக்குநரும் அவளும் சேர்ந்து கேட்க வேண்டும். கணினியில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான். ஆகவே நகல் கிடையாது.

வரவேற்பறையில் அந்தத் தாய் ஒலிபரப்புக்காகக் காத்திருந்தாள். கார்டைக் காணோம் என்றதும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"மறுபடி பேசச் சொல்லாதம்மா. ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருந்துச்சு."

விசாரணை மாடிப்படியில் தொடங்கியது.

"ஒயர் அண்ணே, மதியம் எங்க இருந்தீங்க?"

"மொட்டை மாடியில. ஏரியல் காத்துல ஆடுது. பிடிச்சுக் கட்டப் போய் நானும் ஆடிட்டிருந்தேன்."

"யாரு பாத்தா?"

"காக்கா."

அடுத்தது, மழையையும் மரணத்தையும் ஒரே குரலில் வாசிக்கும் செய்தி வாசிப்பாளர்.

"உங்க நிகழ்ச்சி நின்னா அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான். அதானே சந்தேகம், அக்கா?"

"ஆமா."

"எனக்கும் அதே நினைப்புதான் வந்துச்சு. எடுக்கணும்னு தோணுறதுக்குள்ள யாரோ முந்திட்டாங்க."

மூன்றே முக்கால். இயக்குநர் எல்லோருக்கும் டீயும் பன்னும் வரவழைத்திருந்தார். நல்ல மனுஷர், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுவரை கேட்டுவைப்பார்.

"ஒரு வார்த்தைகூட நான் இன்னும் கேக்கலம்மா. சேர்ந்து கேக்கலாம்னுதானே இருந்தோம்? நல்லாத் தேடிப் பாருங்க." டீக்காரரிடம் திரும்பினார். "வெளிய உக்காந்திருக்கிற அம்மாவுக்குப் பன் வேணாம்பா. இன்னைக்கு அவங்க தொடமாட்டாங்க. வெறும் டீ கொடு."

துணைக்கேள்வி பன்னைப் பிய்த்தாள். பாதி வாயில் போனதும் மெல்லுவதை நிறுத்தினாள். எழுந்து வரவேற்பறைக்குப் போனாள்.

"அம்மா, இன்னைக்கு சாப்பிடமாட்டேன்னு இங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உன்னைத் தவிர யாரு என்கிட்ட சாப்பாட்டைப் பத்திக் கேட்டா?"

திரும்பி வந்து இயக்குநரின் அறைக் கதவைச் சாத்தினாள்.

"கார்டு உங்ககிட்டதான் இருக்கு, சார்."

"என்னம்மா இது, தலையும் இல்லாம வாலும் இல்லாம..."

"அவங்க சாப்பிடமாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க அதைச் சொன்னது ஒரே தடவை, மூடின அறையில. நான் யார்கிட்டயும் சொல்லல. பேட்டியில அந்தப் பேச்சே வரல. அதுக்கு முன்னாடி அளவு பார்த்தப்போ சொன்னது. அந்தக் கார்டை முதல்ல இருந்து கேட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் டீயைக் கீழே வைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். துடைக்கும் துணிக்கடியில் கார்டு.

"பேட்டிக்கு யார் வர்றாங்கன்னு தெரிஞ்சதுல இருந்தே ஒரு பயம். அந்த அம்மா சொன்ன பேரு... எங்க அண்ணன். என்னைப் படிக்கவச்சவர். அழிக்கணும்னுதான் எடுத்தேன். முழுக்கக் கேட்டேன். கை வரல."

"கொடுக்கவும் வரலையே, சார்."

 அவர் கார்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"திருடுனது தெரியாம தப்பிச்சிருப்பீங்க. ஒரு பன்னுல மாட்டிக்கிட்டீங்க" என்றாள். கேலியாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது.

ஆறு மணி. அன்று அவள் கத்தரி போடவில்லை. "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்ற கேள்வியோடு நிகழ்ச்சி ஆரம்பமானது. வரவேற்பறையில் தாய் ஒலிபெருக்கிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கதவோரம் இயக்குநர் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

கடைசியில் மகனின் பெயர் வந்தது. பிறகு அந்த இன்னொரு பெயர்.

இயக்குநரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் 'அண்ணன்'.

அவர் அழைப்பை ஏற்கவில்லை. போன் நின்று, மறுபடியும் அதிர்ந்தது.

"எடுத்துப் பேசுப்பா" என்றாள் தாய், ஒலிபெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுல யாராவது காத்திருப்பாங்க."