நான்கு நொடி நிலவன்

மூன்றாவது முறை ஓட்டிப் பார்த்தபோதுதான் உஷாராணி அதைக் கவனித்தாள். கோடாரி இறங்குவதற்கு முன்பே தம்பியின் தோளில் ரத்தம் இருந்தது.

டிவிடி தட்டில் ஏதோ கறை என்று நினைத்தாள். ஆறு மாதம் வெயிலில் தொங்கிய தட்டு அது. கோழிக் கொட்டகைக்குக் காக்காய் வராமல் இருக்க, வீட்டிலிருந்த பழைய டிவிடிகளையெல்லாம் அவள் கணவன் கந்தவேல் கம்பியில் கோத்து வரிசையாகக் கட்டிவிட்டிருந்தான். மல்லசமுத்திரம் பக்கத்துப் பண்ணைகளில் பலரும் செய்வதுதான். அப்போது அவள் தடுக்கவில்லை. தம்பி தலைகாட்டிய அந்தப் படம் போனிலேயே கிடைத்தது, நினைத்த நேரத்தில் தொட்டால் ஓடியது. பிறகு தட்டு எதற்கு?

தம்பி நிலவன் நடிகன் இல்லை. சங்ககிரிக் கோட்டையில் சண்டைக் காட்சி எடுத்தபோது, கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று லாரிப் பட்டறையிலிருந்து அழைத்துப்போன இருபது பேரில் ஒருவன். வெள்ளைச் சட்டையில் ஓடி வருவான், ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பான், தலைப்பாகை கட்டிய ஒருவன் கோடாரியால் வெட்ட விழுவான். நான்கு நொடி. அடுத்த வருடமே நிஜமாகவே ஒரு லாரியின் அடியில் சிக்கிப் போய்விட்டான். அவன் அசைகிற படம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. மூன்று வருடமாக, மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்த நான்கு நொடியைப் பார்க்காமல் அவள் கண் அயர்ந்ததில்லை.

போன வாரம் தொட்டபோது படம் அங்கே இல்லை.

“எடுத்துட்டாங்களாட்ட இருக்குது,” என்றான் கந்தவேல். “அவன் சரக்கு, அவன் எடுத்துக்கறான். வேற படம் பாரு.”

“வேற படத்துல என்ற தம்பி இருக்கானுங்களா?”

அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒன்றை அவிழ்த்துக் கொண்டுவந்தான்.

“இந்தா. காக்காய்க்கே பயம் காட்டுனவன் உன்ற தம்பி. இனி இதை எவனும் புடுங்க முடியாது. உன்றது, வச்சுக்க.”

சோப்பு நுரையில் கழுவி, முந்தானையால் துடைத்து, பரணிலிருந்து இறக்கிய பிளேயரில் இன்றுதான் போட்டாள். கொட்டகையிலிருந்து ஐயாயிரம் கோழிகளின் ஓயாத கொக்கரிப்பும், தீவன மூட்டையின் கருவாட்டு வாடையும், மதிய வெக்கையோடு ஜன்னல் வழியே உள்ளே வந்து அறையை நிறைத்துக்கொண்டிருந்தன. முதல் முறை நிலவனின் சட்டை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அழுதாள். இரண்டாம் முறை கண்ணீரில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. மூன்றாம் முறை, ரத்தம்.

திரும்பத் திரும்பப் பின்னால் தள்ள வேண்டாம் என்று, ரிமோட்டில் அந்த நான்கு நொடி மட்டும் சுற்றிச் சுற்றி வரும்படி அழுத்தினாள். கிட்டப் போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

“உஷா!” கொட்டகையிலிருந்து கந்தவேல் கூப்பிட்டான். “நாமக்கல் வண்டி வந்துருச்சு. ஆளு பத்தலை, கொஞ்சம் வா சாமி.”

“வாரனுங்க,” என்று எழுந்து போனாள். நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. திரும்பி வரும்போதும் அவன் இருப்பான் என்பதே இனிப்பாக இருந்தது.

முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டி ஏற்றுவது இரண்டு மணி நேர வேலை. பாதியில்தான் அந்தச் சத்தம் காதில் தனியாகப் பிரிந்தது. சதையோடு எலும்பு நறுக்கப்படும் சத்தம். சற்று இடைவெளி. மறுபடி. வண்டிக்காரர்கள் பலகையைப் போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். ஆனால் பலகை எப்போதோ போட்டு முடிந்திருந்தது.

“என்ன, நின்னுட்ட?” என்றான் கந்தவேல்.

“உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதுங்களா?”

“கோழிதான் கேக்குது. புதுசாவா?”

அவள் கையில் ஒரு முட்டை நசுங்கியது. மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது. மனம் மட்டும் வீட்டுக்குள் நின்று யோசித்தது. போனில் ஓடியபோது ஒவ்வொரு நாளும் அவன் புதுச் சட்டையில்தான் வந்தான். அது யாருடையதோ. அதில் எதுவும் தங்கவில்லை. இது அவளுடைய தட்டு. இதில் தங்குகிறது. இரண்டாம் முறை வந்தவன் முதல் வெட்டோடு வந்தான். மூன்றாம் முறை வந்தவன் இரண்டு வெட்டோடு.

நிமிடத்துக்குப் பதினைந்து முறை.

வண்டி கிளம்பியது. கந்தவேலும் அதிலேயே ஏறிப் போனான். அதன் இரைச்சல் தேய்ந்ததும் கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடங்கின.

வெட்டு. இடைவெளி. வெட்டு.

ஓடினாள். வாசற்படியில் நின்றாள். உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வாடை.

திரையில் அது வந்தது. ஓடி அல்ல. இழுத்துக்கொண்டு. ஒரு கை இல்லை. தாடை தொங்கியது. சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. இருந்தாலும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் திரும்பியது.

வெட்டு.

மறுபடி வந்தது. இன்னும் கொஞ்சம் குறைவாக.

ரிமோட் வழுக்கியது. அழுத்தினாள். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள்.

படம் அணையவில்லை. கோடாரிக்காரன் மட்டும் வெட்டுவதை நிறுத்தினான்.

மூச்சு வாங்கியது அவனுக்கு. இரண்டு மணி நேரம். தோள் ஓய்ந்துபோயிருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பிறகு நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. வேலை மாற்றிவிட ஆள் கிடைத்த பார்வை.

கோடாரியைத் திருப்பி, பிடியை முன்னால் நீட்டினான்.

திரைக்குள் ஒரு பெண்ணின் கை நுழைந்து அதை வாங்கியது. முழங்கை வரை மஞ்சள் கரு காய்ந்திருந்தது.

உஷாராணி தன் கையைக் குனிந்து பார்க்கவில்லை. கனம் தெரிந்தது. போதும்.

தரையில் கிடந்தது தலையைத் தூக்கியது. ஒரு கண் மிச்சமிருந்தது. அது மேலே தேடியது. கையை. கைக்கு மேல் முகத்தை. கண்டுகொண்டது.

“அக்கா,” என்றது, நிம்மதியாக.

கை ஓங்கியது.