ரிட்டர்ன் குழாய்

சர்வேயர் வீட்டின் பின்னால் இருந்த ஷெட்டுக்குள் நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. மழைக்கு மூட்டம் போட்டு வெளியே அப்போதே இருட்டிக்கொண்டிருந்தது. தகரக் கதவைத் தள்ளியதும் பழைய ரெக்சினும் துருவும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நடுவில் அந்த ஜீப் நின்றது. நாற்பது வயது வண்டி, உடம்பு என்னவோ என்னைவிடத் தெம்பாகத்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில நானும் பொண்ணும் கல்வெளி ரோட்டுல போறோம் தம்பி" என்றார் சர்வேயரின் மனைவி. "அவரு கிடந்த இடத்தை ஒருதடவை பாக்கணும். ரெண்டு டேங்கும் ரொப்பியாச்சு. நீங்க ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தா போதும்."

"சரிக்கா."

அவர் போகவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்.

"டீசல் கணக்கு பாக்காம கிளம்பிட்டாருன்னு ஊரே பேசுது. அவரு அப்படிப்பட்ட ஆளா தம்பி?"

நான் பேட்டரியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த ஜீப்பில் முன்சீட்டுகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக இரண்டு டீசல் டேங்க். நடுவில் ஒரு லீவர். அதை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்த டேங்கிலிருந்து டீசல் போகும். ஆனால் டீசல் எஞ்சின் இழுப்பதையெல்லாம் எரித்துவிடாது. மிச்சத்தை ரிட்டர்ன் குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். எந்த டேங்கில் எடுத்ததோ அதே டேங்குக்கு அது போய்ச் சேர வேண்டும். போன வருடம் என் பட்டறையில் லீவருக்குக் கீழே இருந்த வால்வை மாற்றியபோது, இரண்டு ரிட்டர்ன் குழாய்களையும் நான் இடம் மாற்றிச் செருகிவிட்டேன்.

இடது டேங்கில் எடுத்ததன் மிச்சம், ஏற்கெனவே நிறைந்திருந்த வலது டேங்குக்குப் போய், மூடி ஓரத்துக் காற்றுத்துளை வழியாக வழியெல்லாம் சொட்டியிருக்கிறது. ஆளே இல்லாத முன்னூறு கிலோமீட்டர் கல்வெளியில், ஊருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுபோனது. கொட்டும் பனியில் நடக்க ஆரம்பித்த சர்வேயரை மூன்றாம் நாள் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். காதும் காதும் வைத்தமாதிரி சரிசெய்துவிட்டுப் போகத்தான் வந்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்து, கிளிப்புகளைத் தளர்த்தி, குழாய்களை இடம் மாற்றி முறுக்கினேன். பத்து நிமிட வேலை. பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. லீவரை இடப்பக்கம் தள்ளினேன்.

சற்று நேரத்தில் பச்சை டீசல் வாடை வந்தது.

சொட்.

வலது டேங்குக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஈரம் பரவியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். குழாய்கள் பழையபடி மாறியிருந்தன. கிளிப் திருகில் என் விரல் பதிந்த கிரீஸ் அப்படியே இருந்தது.

கைதவறியிருப்பேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு மறுபடி மாற்றினேன், மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

சொட். சொட்.

அந்த அம்மாவும் மகளும் நாளை இதில்தான் போகப்போகிறார்கள். நான் வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா, ரிட்டர்ன் குழாய் மாறியிருக்கு. நான்... வால்வு மாத்தறப்ப நான்தான் கவனிக்கல. சாருக்கு டீசல் வழிஞ்சே போயிருக்கு. அவரு கணக்குல தப்பில்ல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அழவில்லை. என் பின்னாலேயே ஷெட்டுக்கு வந்தார்.

"என் கண்ணு முன்னாடி மாத்துங்க."

மூன்றாம் முறை அடியில் படுத்தேன். கிளிப்பில் கை வைத்தபோது குழாய் இழுபட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதைப் பிடித்திருந்தார்கள். பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி விரல்கள் மரத்துப்போயின. காதருகே மூச்சு.

"எப்பத் தெரியும்?"

பெண்குரல் இல்லை.

புரண்டு வெளியே வந்தேன். பூசி மெழுக இனி இடமில்லை.

"அக்கா, வால்வு மாத்தின அன்னிக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும். என் பட்டறையில வண்டி நின்ன இடத்துல, தரையில டீசல் கிடந்துச்சு. பாத்ததும் புரிஞ்சுபோச்சு. போனைக் கையில எடுத்தேன். தப்பை ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதுக்குள்ள கிளம்பியிருப்பாரு, வாடை வந்தா அவரே பாத்துக்குவாருன்னு... வச்சுட்டேன்."

அவர் ஜீப் கதவில் கை வைத்தார்.

"அவரு மறுநாள் விடிஞ்சப்புறந்தான் கிளம்பினாரு தம்பி. அன்னிக்கு ராத்திரி பூரா வீட்லதான் தூங்கினாரு."

செத்துப்போகலாம் என்று இருந்தது எனக்கு.

"மாட்டிட்டுப் போங்க" என்றார். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

மாட்டினேன். யாரும் இழுக்கவில்லை. எஞ்சின் அரைமணி நேரம் ஓடியது, ஒரு சொட்டுகூட விழவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன், அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தபோது அந்த ஜீப் சத்தம் கேட்டது. நல்ல வெளிச்சம். தெரு முழுக்க ஆட்கள். ஜீப் நிதானமாக என்னைக் கடந்தது. அந்த அம்மா இடப்பக்கச் சீட்டில் மடியில் பையோடு கண்மூடிச் சாய்ந்திருந்தார். மகள் பின்சீட்டிலிருந்து முன்னால் எட்டி, ஸ்டியரிங் பக்கமாகத் திரும்பி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுபவர் சீட்டில் யாரும் இல்லை.

கல்வெளி ரோடு பிரியும் இடத்தில் ஜீப் இண்டிகேட்டர் போட்டு ஒழுங்காகத் திரும்பியது.