ஆ சுவான் உட்கார்ந்த படம்

படத்தில் இருந்த பாசிமணி கோத்த செருப்பு அந்தக் காலுக்கு உரியதல்ல.

கண்ணாடியைத் துடைக்கச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கியபோதுதான் பீ கியோக் அதைக் கவனித்தாள். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி. மலாக்கா வீட்டின் கூடத்தில், மூதாதையர் மேடைக்கு மேலே, தொண்ணூறு வருஷமாக ஊதுபத்திப் புகை வாங்கிய அந்த முகம் கொள்ளுப்பாட்டி லெக் நியோவுடையது என்றுதான் குடும்பமே நம்பியிருந்தது. செருப்பும் சரோங்கும் வைர ஊசிகளும் அவளுடையவைதான். கால்?

பின்பலகையைக் கழற்றினாள். படம் எடுத்தவன் பென்சிலால் கிறுக்கிய துண்டுச்சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ‘உடைகள் லெக் நியோ அம்மாளுடையவை. உட்கார்ந்தது வேலைக்காரி ஆ சுவான், வயது பதினாறு. அம்மாள் முகத்தில் அம்மைத் தழும்பு. படம் சீனாவில் இருக்கும் மாமியாருக்குக் காட்ட.’

அந்தப் பெயரை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். தண்ணீர் மொள்ளப் போய்ச் சமையற்கட்டுத் தாழியில் தவறி விழுந்து செத்த வேலைக்காரி. தாழி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இடுப்புயரம். தவறி விழுந்தவள் எழுந்துவிடலாம், யாரும் தலையைப் பிடித்து அழுத்தாமல் இருந்தால். லெக் நியோ உயிரோடு இருந்தபோதே கொள்ளுத்தாத்தா இந்தப் படத்தின் இன்னொரு பிரதியைக் கட்டிலருகே வைத்துக்கொண்டுதான் தூங்குவார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அது யார் முகம் என்று லெக் நியோவுக்குத் தெரியும். பீ கியோக்குக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

மதியம் மழையோடு வந்தான் சித்தப்பா மகன் தெங் லீ; அவளைத் தாச்சி, மூத்த அக்கா, என்று கூப்பிடுகிறவன். சீட்டைப் படித்துவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“என்ன தாச்சி இது! ஒரு வேலைக்காரிக்கா இத்தன வருஷம் கோழி அடிச்சுப் படைச்சோம்? வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்.”

“அவளுக்கு எங்கடா படைச்சோம்? அவ மொகத்துக்கு முன்னாடி வச்சு, அவளக் கொன்னவ பேரச் சொல்லிப் படைச்சோம்.”

“செத்தவளுக்கு என்ன தெரியப்போவுது? பேசாம மாட்டுங்க. நான் காப்பி கலக்குறேன்.”

அவன் சமையற்கட்டுக்குப் போனான். பீ கியோக் சட்டத்தின் அடியில் ‘லெக் நியோ’ என்றிருந்த பித்தளைப் பெயர்த்தகட்டைத் திருகிக் கழற்றினாள். வெள்ளை அட்டையில் ‘ஆ சுவான்’ என்று எழுதி ஒட்டினாள். படத்தை மாட்டி, மூன்று ஊதுபத்தி ஏற்றி, செத்தவர்களைச் சாப்பிட அழைக்கிற மாதிரியே மூன்று தரம் கூப்பிட்டாள். ஒரு பெரிய தவற்றைச் சரிசெய்துவிட்ட நிம்மதி நெஞ்சில் இறங்கியது.

புகை மேலே போகவில்லை.

மேடை விளிம்பு வழியாக வழிந்து, தரையோடு தரையாகப் படர்ந்து, அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நகர்ந்தது. வெளியே மழை விட்டிருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் எங்கோ சொட்டுச் சத்தம். பாசி பிடித்த தண்ணீரின் வாடையும், நாள்பட்ட தேங்காயெண்ணெய்த் தலைமுடியின் வாடையும் ஒன்றாய்க் கலந்து வந்தன. அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். சிறு வயதிலிருந்து அடக்கம் என்று நினைத்திருந்தாளே, அந்த மூடிய உதடுகள். அடக்கம் இல்லை. படத்திலிருந்தவள் பல்லைக் கடித்திருந்தாள்.

நன்றியை எதிர்பார்த்திருந்தாள் பீ கியோக். அந்தக் கண்ணில் நன்றி இல்லை. தொண்ணூறு வருஷம் வேறொருத்தி பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தவள். கூப்பிட்டாயிற்று. வந்துவிட்டாள்.

“தாச்சி,” உள்ளேயிருந்து தெங் லீ. “தாழிக்குள்ள யாரோ மொனகுற மாதிரி இல்ல?”

“குனியாதடா!”

ஓடினாள். ஈரத் தரை வழுக்கியது. தெங் லீ தாழிமேல் குனிந்திருந்தான். முகம் தண்ணீரைத் தொடும் தூரம். பின்னுக்கு இழுக்க அவன் பிடரியை இரண்டு கையாலும் பற்றினாள்.

கைகள் இழுக்கவில்லை.

அழுத்தின.

“விடு,” என்றாள், தன் கைகளைப் பார்த்து. அழுதாள். கெஞ்சினாள். அவன் கால்கள் உதைத்தன. காப்பிக் குவளை உருண்டது. ஐம்பத்தெட்டு வயதுக் கைகளில் எங்கிருந்து இத்தனை பலம்? தண்ணீர் கொப்பளித்தது. அவள் வாயிலிருந்து அவளுடையதல்லாத குரல், சின்னப் பெண்ணின் குரல், பணிவாகச் சொன்னது:

“இதோ ஆயிடுச்சும்மா.”

உதைப்பு நின்றது. குமிழிகள் நின்றன. தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் நின்றது.

கைகள் அவனை விட்டன. பீ கியோக் பின்வாங்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

அவளுடைய வலது கை, சொட்டச் சொட்ட, மெதுவாக மேலே எழுந்து, பின்பக்கமாக வந்து, அவள் பிடரியைப் பற்றியது.