எல்லாரும் போகிறார்களாமே!

கூட்டம் ஆரம்பித்ததுமே முத்துராஜா மாமா குறட்டை விடத் தொடங்கிவிட்டார்.

"எல்லாரும் சேந்து போயி வீட்டுக்காரர்கிட்ட கேப்பமா?" என்றார் மகிமாவின் அம்மா ஞானபாக்கியம்.

"ம்" என்றார் மாமா, தூக்கத்திலேயே.

சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. பகலெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் நின்ற கால்கள்.

உத்தமபாளையத்தின் ஓரத்தில் இருந்த அந்த லைன் வீடுகளில் எல்லாருமே பிழைப்புத் தேடி வந்தவர்கள். மகிமாவின் வீட்டார் கேரளத்து ஏலத்தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்தார்கள். புது ரோடு போட்டதும் சுற்றிலும் மாடி வீடுகள் முளைத்தன. வாடகை ஏறியது. இப்போது வீட்டுக்காரர் சுந்தரலிங்கம், லாட்ஜ் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

"என்னமோ போங்க. வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்று எழுந்தார் இருளம்மாள் அக்கா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

'இன்னொரு பள்ளிக்கூடமா?' மகிமாவுக்கு அலுப்பாக இருந்தது.

அப்போது கடைசி வீட்டுக் குழந்தை தத்தித் தத்தி அங்கே வந்தது. அதன் அம்மா சபிதா ஒடிசாக்காரர். தமிழ் தெரியாது என்று அவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதே இல்லை. மகிமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சபிதா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "வா மோனே" என்று குழந்தையிடம் கை நீட்டினார்.

மகிமா துள்ளினாள். "சேச்சிக்கு மலையாளம் அறியாமோ?"

"அறியாம்!" தெரியும் என்று சொன்ன சபிதாவின் முகம் மலர்ந்தது. அவரும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவராம்.

ஏன் மூட்டை கட்டுகிறீர்கள் என்று மகிமா மலையாளத்திலேயே கேட்டாள். "மற்ற எல்லாரும் போகச் சம்மதித்துவிட்டார்களாமே. நான் மட்டும் எப்படி நிற்பது?" என்றார் சபிதா. அரைகுறை மலையாளத்தில் அப்படிச் சொன்னவர் வீட்டுக்காரர்தானாம்.

மகிமா ஓடினாள். "அம்மா! நாம போறதாச் சொன்னமா?"

"இல்லையே."

"எல்லாரும் போறதா சபிதா சேச்சிகிட்ட வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு!"

வாசல் வரை போன இருளம்மாள் திரும்பினார். "ஆத்தாடி! எங்கிட்டயும் அதத்தான சொன்னாக!"

"எங்கிட்டயும்" என்றார் முத்துராஜா மாமா. தூக்கம் முழுசாகப் போய்விட்டது.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்கள். சபிதாவும் குழந்தையோடு நின்றார். அவருக்குச் சொல்ல மகிமா.

"லாட்ஜ முன்னால கட்டிக்கங்க. பின்னாடி சும்மா கிடக்கிற எடத்த எங்களுக்கு வாடகைக்கு விடுங்க. நாங்களே மண்ணுக்கல்லு அறுத்து, ஓடு போட்டுக் கட்டிக்கிறோம். எங்களால முடிஞ்ச வாடகைதான் தருவோம். கட்டி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்ட விட்டு நகர மாட்டோம். அப்புறமும் பாதியில எந்திரிக்கச் சொல்லக் கூடாது" என்றார் அம்மா.

"நாளைக்கு வாங்க" என்றார் சுந்தரலிங்கம்.

மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். கால் வலித்தது. வேலைக்கு நேரமாகித் திட்டு வாங்கினார்கள். ஆனால் ஒருவர்கூடத் தனியாகப் பிரிந்து போகவில்லை.

"வீட்ட விட்டு நகர மாட்டீக. நீங்க நகராம எனக்கு லாட்ஜ் வேல ஆரம்பிக்காது" என்று கடைசியில் பெருமூச்சு விட்டார் சுந்தரலிங்கம். "சரி, எழுதிக்கிருவோம். கட்டி முடிங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மண் குழைத்தார்கள். கற்கள் வரிசையாக வெயிலில் காய்ந்தன. மகிமாவின் முழங்கை வரைக்கும் சேறு.

"மதி மோளே. போயி உறங்கு" என்றார் சபிதா. போதுமாம்.

"இன்னும் ஒரே ஒரு கல்லு, சேச்சி" என்றாள் மகிமா. வேப்பமரத்து நிழலில் சாய்ந்தவள், அந்த ஒரு கல்லை அறுப்பதற்குள் தூங்கிப் போனாள்.