இடப் பக்கத்துப் பாரம்

காளீஸ்வரனின் கார் நேர் ரோட்டில் இடப் பக்கம் இழுத்தது. கொஞ்சம்தான் இழுத்தது, வேறு எவனாக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டான். மற்றவர்களின் மூளையைப் பற்றிக் காளீஸ்வரனுக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. கம்ப்யூட்டரில் அவன் ஓட்டும் ரேஸ் விளையாட்டுக்குக் காலையில் அப்டேட் வந்ததிலிருந்து, கூட விளையாடுகிறவர்களின் குரூப்பில் ஒரே ஒப்பாரி. டயர் வழுக்குகிறதாம், பிரேக் பிடிக்கவில்லையாம். டயரில் எவ்வளவு காற்று, ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று இவன் வைத்துக் கொடுத்த செட்டிங்கை அப்படியே காப்பியடித்து ஓட்டிய கூட்டம். அழட்டும் என்று விட்டுவிட்டான்.

அவனுக்கு வேறு வேலை இருந்தது. அந்த விளையாட்டில் இன்று மதியம் நடக்கும் தகுதிச் சுற்றில் முதலில் வருகிறவனைச் சென்னையில் ஒரு ரேஸ் டீம் சேர்த்துக்கொள்ளும். வந்துவிடுவோம் என்ற தைரியத்தில், மாமனாரின் நூல் மில்லில் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் வேலையை நேற்றே விட்டிருந்தான். சும்மா விடவில்லை, உங்க மில்லும் ஒரு மில்லா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்திருந்தான். தோற்றால் அதே மில் வாசலில் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

மாடி அறையில் ஜன்னலைச் சாத்தி, மேஜையில் பூட்டிய ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே அருப்புக்கோட்டை வெயில் கூரைத் தகரத்தை முறுக்கிச் சடசடவென்று சத்தம் கிளப்ப, அடுத்த தெருவின் விசைத்தறிகள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. மூலையில் தூக்குவாளி. அதற்குள் பரளச்சியில் அக்கா செல்வலட்சுமி கொடுத்துவிட்ட கிடாக்கறிக் குழம்பு. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மிளகும் கொழுப்பும் கலந்த வாடை அறை முழுக்க நின்றது.

இடப் பக்க டயரில் காற்றைக் கூட்டினான். இழுத்தது. ஸ்பிரிங்கை இறுக்கினான். இன்னும் இழுத்தது.

"ஏலே சங்கரபாண்டி, என் செட்டிங்க அனுப்புறேன், ஓட்டிப் பாரு," என்றான் ஹெட்போனில். பந்தல்குடியில் இருந்துகொண்டு கூடவே விளையாடுகிற சேக்காளி அவன். புத்தி மட்டு என்பது காளீஸ்வரனின் கணிப்பு, சொன்னதைச் செய்வான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "எனக்கு நூல் பிடிச்ச மாதிரி போகுதுலே. இழுக்கவே இல்ல."

"ஒனக்கு இழுத்தாலும் தெரியாது."

சொல்லிவிட்டானே தவிர, மனசு ஒப்பவில்லை. காரை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் என்று காட்டும் திரையைத் திறந்தான். வலப் பக்கம் ஓட்டுகிறவன் இருக்கை. இடப் பக்கம் இருக்கையே கிடையாது, வெறும் இரும்புக் குழாய்கள். இருந்தும் இடப் பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் பாரம் ஏறியிருந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒரு வளர்ந்த ஆளின் எடை.

அப்டேட் எழுதினவன் முட்டாள் என்று முடிவு கட்டினான். அதே சமயம், நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

காலையில் கிளம்பும்போது அக்கா தூக்குவாளிக்கு மேல் ஒரு கரித்துண்டும் ஆணியும் வைத்தாள். "கறிய வெறுமனே கொண்டு போகாத தம்பி, வாடைக்குப் பேய் கூடவே ஏறிக்கும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இத எடுத்துறாத. கம்மாக்கரை வளைவுல நிக்காம போ."

போன மாசியில் ஒரு லோடு வண்டி டிரைவர் அந்த வளைவில்தான் கவிழ்ந்து செத்திருந்தான். காளீஸ்வரன் சரியாக அங்கேதான் தன் சொந்தக் காரை நிறுத்தினான். சுள்ளென்று வெயில், சீமைக்கருவேலம், ஆள் அரவம் இல்லை. கரியையும் ஆணியையும் கம்மாய்க்குள் வீசினான். அதோடு விட்டானா? இடப் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஓட்டத் தெரியாமச் செத்த பயதான நீ? ஏறிக்க. எப்படி ஓட்டணும்னு காட்டுறேன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினான்.

அங்கிருந்து வீடு வரைக்கும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்று கார் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. தூக்குவாளி இருந்தது பின் சீட்டில். சென்சார் போயிருக்கும், மட்டமான கார் என்று திட்டிக்கொண்டே ஓட்டி வந்தான்.

இப்போது தறிகள் நின்றன. சாப்பாட்டு நேரம்தான், தினமும் நிற்பதுதான். ஆனால் அந்த அமைதியில் அவனுக்கு இடப் பக்கமாக ஏதோ நெரிந்தது. நாற்காலியின் கைப்பிடி. அவன் கை அதில் இல்லை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பயமாக இருந்தது.

ரேஸ் தொடங்கப் போகிறது. மில் வாசல் கண்ணில் வந்து நின்றது. எடையைச் சமன் செய்ய விளையாட்டுக் காருக்குள் வைக்கிற கூடுதல் பாரத்தை எடுத்து மொத்தமாக வலப் பக்கம் தள்ளினான். எது உட்கார்ந்திருந்தாலும் சமமாகிவிடும். அவன் அறிவு அவனைக் கைவிட்டதில்லை.

திரையில் ரேஸைத் தொடங்கும் சிவப்பு விளக்கு அணைந்தது. கார் பாய்ந்தது. நேராக, நூல் பிடித்த மாதிரி. இடப் பக்கச் சக்கரங்களில் பாரம் குறைந்துகொண்டே வந்தது. குறைந்தது. இல்லாமல் போனது. காளீஸ்வரன் சிரித்தான்.

வலப் பக்கத்தில் ஏறியது.

மடியில் இறங்கியது பாரம். சூடில்லாத பாரம். நாற்காலி முனகியது. கறி வாடை முகத்துக்கு நேரே வந்தது. டீசல் வாடையும்.

கைகளை எடுத்துவிட்டான். இரண்டையும் காதோரம் தூக்கிக்கொண்டான்.

ஸ்டியரிங் திரும்பியது. முதல் வளைவைக் கார் கோடு போட்டது போல எடுத்தது. இரண்டாவதையும். முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தன்னைவிட நன்றாக ஓட்டுகிற ஒருவனைக் காளீஸ்வரன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தான்.

மேஜைக்கு அடியில் இருந்த பிரேக்கை மிதிக்கப் பார்த்தான். வலது காலின் மேல் இன்னொரு கால் இருந்தது. அது ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்கியது.

"ஏலே, என்னமா ஓட்டுற," என்றான் சங்கரபாண்டி. "நீதாம்லே மொதல்ல. சென்னைக்குப் போயிட்டலே."

கோடு தாண்டியது. மற்ற கார்கள் நின்றன.

"போதும்லே, நிறுத்து. ரேஸ் முடிஞ்சிருச்சு."

தான் ஓட்டவில்லை என்று சொல்லக் காளீஸ்வரன் வாய் திறந்தான். மார்பு அழுந்தியதில் மூச்சுதான் வந்தது. அவன் கைகள் இன்னும் காதோரத்திலேயே இருந்தன. மேஜையில் ஸ்டியரிங்கின் கறுப்பு ரப்பர் இரண்டு பக்கமும் விரல் விரலாக அமுங்கி, அடுத்த வளைவுக்குத் திரும்பியது.