பகல் தூக்கத்தில் சொன்னவை

கண் விழித்தபோது ரத்னவேலின் தொண்டை, வெகுநேரம் பேசி ஓய்ந்தவனுடையதைப் போல் கரகரத்துக் கிடந்தது. இரவுக் காவல் வேலையை விட்டு விலகிய பிறகும் அவனுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. தேக்கா சந்தைக்குப் பின்னாலிருந்த அடுக்குமாடி வீட்டில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, மீன் லாரிகள் பின்வாங்கும் ஓசையும் யார் வீட்டிலோ மிளகாய் வறுபடும் நெடியும் ஏறிவர, பகலில்தான் தூங்குவான். எழுந்ததும் கனவைச் சொல்வான். மனைவி மோகனப்பிரியா கைபேசியில் தட்டிக்கொள்வாள். அதை வைத்துத்தான் பேய்க்கதை எழுதுவான்.

அன்று அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள், "சொல்லிட்டீங்க. தூக்கத்துலயே. டைப் பண்ணிட்டேன்," என்றாள்.

படித்தான். அவன் காணாத கனவு. முழுக் கதையாகவே இருந்தது. திருத்த ஒரு சொல் இல்லை.

அதன்பின் தினமும் அப்படித்தான்.

எழுதுவதென்றால் பைத்தியத்தைக் கயிறு கட்டி நடத்துவது. கயிறு கையில் இருக்கும்வரை எழுத்தாளன்; நழுவினால் நோயாளி. அவன் அப்பா நழுவவிட்டவர். சொந்தமாக ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிக்கும்போதுதான் தன் மூளை இன்னும் தன்னிடம் இருப்பதாக ரத்னவேலுக்கு நம்பிக்கை வரும். அப்படியிருந்தும் அந்தக் கதைகளைத் தன் பெயரிலேயே அனுப்பினான்.

இதழ் நடத்தும் காதர் மைதீன் பிரியாணிக் கடையில் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "இப்பதான்யா லைட்டப் போட்டுக்கிட்டுப் படுக்கிறேன்! உன் பழசெல்லாம் சும்மா தயிர்சாதம் லா. இது வேற ஆள் எழுதின மாதிரி இருக்கு!"

பக்கத்தில் மோகனப்பிரியா பெருமை பொங்கச் சிரித்தாள். அவன் எழுதிய எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் தூங்குவதுபோல் படுத்துக் கிடந்தான். கதவு மெல்லத் திறந்தது. மல்லிகை வாசம். வீட்டில் அவள் பூ வைப்பதே கிடையாது. கட்டில் விளிம்பு தாழ்ந்தது. காதோரம் சூடான மூச்சு பட்டது.

"டேய்," என்றாள் கொஞ்சலாக. கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படி அழைத்ததில்லை. "வாடா. அவரு எழுந்திரிக்கிறதுக்குள்ள சொல்லு."

கண்ணைத் திறக்கப் பார்த்தான். இமை அசையவில்லை. கை. அதுவும் அசையவில்லை. உதடுகள் மட்டும் பிரிந்தன. அவன் பிரிக்கவில்லை.

"முழிச்சுத்தான் இருக்கான்," என்றது அவன் வாய்.

காதோர மூச்சு இன்னும் நெருங்கியது.

"கேக்கட்டும். என்னைக்காச்சும் தெரிஞ்சுதானே ஆகணும்," என்றாள்.

"அப்ப ராத்திரியும் நானே இருந்துடவா?" என்றது அந்த வாய்.

பிரியா. வேண்டாம். பிரியா.

"இரு," என்றாள்.

அவன் உடல் எழுந்து உட்கார்ந்தது. கண்கள் திறந்தன. முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே ரத்னவேல் கத்தினான். அந்தச் சிரித்த முகத்தில் ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மோகனப்பிரியா அதைப் புறங்கையால் துடைத்தாள்.

மறுபடி வழிந்தது.

மறுபடி துடைத்தாள்.