இன்னொரு இருமல்

குழந்தை இருமி முடித்த பிறகும் ஓர் இருமல் கேட்டது.

அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தவள் முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடாத மழையில் பொழுது சாயும் முன்பே வீடு இருண்டுவிட்டது. ஓதம் ஏறிய சுவரின் வாடையும், மகளின் நெஞ்சில் தடவியிருந்த தைலத்தின் காரமும் அறைக்கு அறை அலைந்துகொண்டிருந்தன. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் வேலை. 'லிஃப்டக்கா' என்றால்தான் பலருக்கு அவளைத் தெரியும். உச்சி மாடியில் ஒரு கப்பி முனகினால் தரைத்தளத்தில் நின்றே எந்தக் கப்பி என்று சொல்லிவிடும் காது அவளுக்கு. அந்தக் காது இப்போது சொன்னது: இது எதிரொலி இல்லை. எதிரொலி தேய்ந்துதான் வரும். இது தேயவில்லை.

படுக்கையறையில் மகள் மறுபடி இருமினாள். கடைசியில் ஓர் இழுப்பு. அடுத்த மூச்சில் குளியலறைக்குள் அதே இருமல், அதே இழுப்பு.

போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வாளி. குவளை. ஈரத் துண்டு. வேறொன்றும் இல்லை. "தண்ணிக்குழாய்க்கும் சளி பிடிச்சிருச்சு போல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்த கணவன் போனில் கூப்பிட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நெஞ்சு சுத்தமா இருக்காம். வறட்டு இருமல்தான், மெதுவா விடும்னாரு. மூச்சு விடறப்ப விலா உள்ள இழுத்துச்சுன்னா மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம தூக்கிட்டு வரச் சொன்னாரு."

"நீ கொஞ்சம் கண்ணசந்தியா?"

"அதுக்கு உம் மக விட்டாத்தானே."

அவன் சிரித்தான். பிறகு கேட்டான்: "ஆமா, கூட யாரோட பிள்ளை? ரெண்டு பேர் இருமற சத்தம் கேக்குதே."

அவள் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

தேன் கலந்த வெந்நீரோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தலையணை மேல் தலையணை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் வாலு. வீட்டில் ஒரு பொருளையும் இருந்த இடத்தில் இருக்க விடாததால் வந்த பட்டப்பெயர். இன்று அந்த வால் சுருண்டு கிடந்தது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

"அம்மா, அது பழகுதும்மா."

"எது?"

"வெளிய இருக்கே, அது. மொதல்ல அதுக்கு இருமவே வரல. இப்ப நல்லா வருது."

ஸ்பூன் நடுவழியில் நின்றது. "பழகி என்ன கிழிக்கப்போகுதாம்?"

"நல்லா வந்துட்டா உன்னால கண்டுபிடிக்க முடியாதாம். அப்புறம் அதுதான் உன் பக்கத்துல படுத்துக்குமாம்."

பயத்துக்கு மேல் கோபம் ஏறி உட்கார்ந்தது. அவள் கதவைப் பார்த்து, வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்: "என் வயித்துல உதைச்ச காலைக்கூட எனக்கு அடையாளம் தெரியும். என்னையா ஏமாத்துவ? வேற வீடு பாரு!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இருமல். குளியலறையில் இல்லை. நடையில். அடுத்தது இன்னும் கிட்டத்தில். அடுத்தது கதவை ஒட்டி, ஒரு குழந்தையின் வாய் இருக்கும் உயரத்தில். கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கின் வழியே தைல வாசனை வந்தது.

அப்போதுதான் கவனித்தாள். முறை மாறியிருந்தது. வெளியே இருப்பது முதலில் இருமியது. அதன் பிறகே மகள் இருமினாள். அது இழுத்தால் இவள் இழுத்தாள். அது மூச்சைப் பிடித்தால் இவளுக்கும் மூச்சு நின்றது.

மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. போர்வையில் மகளைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். வேலைப் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

நடையில் இருட்டு. இடுப்பு உயரத்தில் ஏதோ விலகி நின்றது. உருவம் பிடிபடவில்லை. ஈரமான மூச்சு மட்டும். உள்ளே. வெளியே. உள்ளே. தோளில் மகளும் அதன் தாளத்துக்கே திணறினாள்.

ஸ்பேனரை வீசினாள். சுவரில் பட்டு விழுந்தது.

"பிள்ளை இருமல்தான் உனக்கு வருமா? இந்தா, இதப் பழகு!"

அவள் இருமினாள். அடிவயிற்றிலிருந்து, முரட்டுத்தனமாக, தாளமே இல்லாமல். அது தடுமாறியது. பாதியில் விட்டது. இருமிக்கொண்டே ஓரடி வைத்தாள். இன்னோர் அடி. மகளின் விலா தளர்ந்தது. இன்னும் இருமினாள். தொண்டை கிழிந்தது. நாக்கில் ரத்தத்தின் உப்பு. நிறுத்தவில்லை. கூடத்தைத் தாண்டினாள். வாசல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். படிக்கட்டின் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

மகள் நன்றாக மூச்சு விட்டாள். ஆழமாக. சீராக.

ஜெயித்துவிட்டாள்.

'அவ்வளவுதான் கண்ணு, இதோ போயிடலாம்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள். உதடுதான் அசைந்தது. குரல் இல்லை.

உள்ளே, இருட்டிலிருந்து, அவள் குரல் கூப்பிட்டது.

"வாலு! அம்மா இங்க இருக்கேன்டா. உன்னைத் தூக்கிட்டுப் போறது யாரு?"

தோளில் கிடந்த உடம்பு விறைத்தது. மகள் மெதுவாகத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். ரத்தம் ஒட்டிய உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்தாள். பிறகு வீட்டை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, "அம்மா!" என்று அலறினாள்.

அவள் பிடியை விடவில்லை. மகளின் நகங்கள் கன்னத்தைக் கீற, படியிறங்கினாள். பின்னால் அவள் குரல், அவளுடைய அதே கொஞ்சலோடு, ஒவ்வொரு படியாகக் கூடவே இறங்கி வந்தது.